தூய கைகள்

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது பூம்பாறை. அடுக்கடுக்கான வயல்களில் மலைப்பூண்டு விளையும் அச்சிற்றூரில் ஒருவருக்குக் கடும் நோய் வந்தால், பெரிய மருத்துவமனையை அடைய வளைந்து செல்லும் மலைப்பாதையைக் கடந்தாக வேண்டும். அவ்வாறு அரிதின் முயன்று செல்பவர், சென்ற இடத்தில் வேறொரு நோயைப் பெற்றுத் திரும்பலாகாது. நோய் தீர்க்கும் இடமே நோய் பரப்பும் இடமாகாமல் காப்பதற்கு மருத்துவரும் செவிலியரும் பெறும் பயிற்சியே தொற்றுத் தடுப்புக் கல்வியாகும்.

இக்கல்வியின் தேவையை விளக்கும் வரலாறு ஒன்று உண்டு. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் பணியாற்றினார். அவருடைய மகப்பேற்றுப் பகுதியில், 1846ஆம் ஆண்டில் தாய்மார் நூற்றுவருக்குப் பதினொருவர் வீதம் மாண்டனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த மருத்துவர்கள் அதே கைகளோடு மகப்பேறு பார்ப்பதே இதற்குக் காரணம் என்று அவர் கண்டார். குளோரின் சுண்ணாம்பு கலந்த நீரில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என்று 1847இல் விதித்தார். 1848இல் இறப்பு, நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவிற்குக் குறைந்தது. ஆயினும், தம் கைகளே கேடு செய்தன என்பதை ஏற்க மருத்துவர் பலர் மறுத்தனர். 1865இல் செம்மல்வைஸ் மறைந்தபோதும் அவ்வழக்கம் எங்கும் வேரூன்றவில்லை. உண்மையைக் கண்டறிந்தால் மட்டும் போதாது. அதனைக் கற்பித்துப் பழக்கமாக்கவும் வேண்டும்.

தமிழகத்தில் அத்தகைய பயிற்சிக்கு வழிகோலியவருள் ஒருவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் வேலூரில் 1909இல் செவிலியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். அவ்வம்மையார் 1960இல் இயற்கை எய்தியது கொடைக்கானலிலேதான்.

இன்று செவிலியர் கை கழுவும் முறையைச் செய்து பழகுகின்றனர். நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற செயல்களுக்கு முன்னும், குருதி முதலியன பட்ட பின்னும், நோயாளியின் படுக்கை முதலியவற்றைத் தொட்ட பின்னும் கைகளைத் தூய்மை செய்யவேண்டும். சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதற்கு 40 முதல் 60 நொடிகள் ஆகும். சில பயிற்சிகளில், ஒளிரும் பசையைக் கைகளில் தேய்த்துக் கழுவச் செய்து, பின்னர்ப் புற ஊதாக் கதிரில் காட்டச் சொல்வர். நன்கு கழுவிவிட்டதாக எண்ணியவரின் கட்டைவிரலிலும், விரல் நுனியிலும், விரலிடுக்கிலும் பசை ஒளிர்வதுண்டு. ஒரு நாள் உரை உணர்த்தாததை அவ்வொளி ஒரு நொடியில் உணர்த்திவிடும். பயன்படுத்திய ஊசியை மீண்டும் மூடாமல், துளைபடாத பெட்டியில் இடுவதும் இவ்வாறே பழக்கப்படுகிறது.

கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் காண எவராலும் இயலாது. ஆனால் அதன் வழியை அடைக்கக் கற்க எல்லோராலும் இயலும். நகரத்துப் பெரிய மருத்துவமனையாயினும் மலைச் சிற்றூரின் சிறு நிலையமாயினும், நோயாளியின் முதற் பாதுகாப்பு அவரைத் தொடும் கையின் தூய்மையே ஆகும்.