பாரிஸ் கம்யூன்

1871-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரத் தொழிலாளர் 72 நாள் தம் நகரைத் தாமே ஆண்டனர். அவர்களைக் கிளர்ந்தெழச் செய்தது சித்தாந்தம் என்பாருளர். பசியும் அவமானமுமே முதற்காரணம் என்பது எம் கருத்து.

ஜெர்மானியர் முற்றுகையில் 4 மாதத்திற்கு மேல் எலியும் உண்டு உயிர் தாங்கிய ஏழைகட்கு, தேசியக் காவற்படையில் நாளொன்றுக்குக் கிடைத்த 30 சூ காசே ஜீவனம். யுத்தம் ஓய்ந்ததும், வறுமையை நிரூபிப்பவர்க்கே அது உரியதெனக் குறுக்கப்பட்டது. சிறுவணிகரின் பழங்கடன்களையும் தீர்க்குமாறு தேசிய சபை விதித்தது. மார்ச்சு 18-ஆம் நாள் விடியுமுன், மோன்மார்த்தர்க் குன்றிலிருந்த பீரங்கிகளைக் கவர்ந்து வருமாறு சர்க்கார்த் தலைவர் தியேர் படையை ஏவினார். அவற்றுட் பல நகரமாந்தர் சந்தாப் பணத்தால் வார்க்கப்பட்டவை. பெண்டிரும் பிறரும் சூழ்ந்துகொள்ள, சிப்பாய்கள் சுட மறுத்தனர். தியேர் வெர்சேல்ஸுக்கு ஓடினார். அன்று இரு சேனாபதிகளைக் கூட்டத்தார் சுட்டுக் கொன்றது அவ்வெழுச்சிக்குக் களங்கமே.

நிற்க. கைவந்த அதிகாரத்தைச் செலுத்துவார் யார்? காவற்படையின் மத்தியக் கமிட்டி தேர்தல் நடத்திக் கம்யூன் சபையிடம் ஆட்சியை ஒப்புவித்தும், படைக் காரியங்களில் தலையிடுவதை விட்டிலது. ஒரே படைக்கு இருவர் ஆணை! மே 1-ஆம் நாள் பொதுநலப் பாதுகாப்புக் கமிட்டி நிறுவச் சபையில் 45 பேர் இசைந்தனர்; சர்வாதிகாரம் விளையுமென்றஞ்சி 23 பேர் எதிர்த்தனர்; சபை இரு கட்சியாய்ப் பிளந்தது. பிரான்ஸ் பாங்கியையோ அவர்கள் கைப்பற்றாது, அதனிடம் கடன் கேட்டு நின்றனர். அப்பாங்கி அவர்கட்கு ஈந்ததினும் பன்மடங்கு தொகையை வெர்சேல்ஸுக்கு அனுப்பியது.

மே 21-ஆம் நாள், காவலரற்றுக் கிடந்த மதில்வாயிலொன்றின் வழியே தியேரின் சேனை உட்புகுந்தது. 28-ஆம் நாள் வரை தெருத்தெருவாய் நடந்த போரில் மாண்டவர் பல்லாயிரவர்.