நான் தகுதியானவள்தானா?

அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்களைப் பெற்ற நாளில் எங்கள் தோழி ஒருத்தி கணக்கில் 98 மதிப்பெண் வாங்கியிருந்தாள். பாராட்டியபோது, "கேள்விகள் எளிது. ஏதோ அதிர்ஷ்டம்" என்றாள். முந்தைய தேர்வில் மதிப்பெண் குறைந்தபோதோ, "எனக்கு மூளை இல்லை" என்று அழுதவளும் அவளே! தோல்வி தன்னுடையது, வெற்றி மட்டும் அதிர்ஷ்டத்தினுடையதா?

இவ்வுணர்வைப் பற்றி 1978ஆம் ஆண்டில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் எழுதினர். நன்கு படித்து உயர்ந்த பெண்கள் பலர், 'நமக்குத் தகுதியில்லை. பிறரை ஏமாற்றிக் கொண்டிருக்கிறோம். என்றாவது அகப்பட்டுக் கொள்வோம்' என்று அஞ்சுவதை அவர்கள் கண்டனர். இன்று இதனை 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்கின்றனர். இது நோயன்று. ஆண்களுக்கும் உண்டு. ஆயினும், ஆண்களே நிறைந்த தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ ஒருத்தி தனியாக நுழையும்போது இது வலுக்கிறது. அங்கே ஓர் ஆண் தவறினால் அவனைக் குறை கூறுவர். பெண் தவறினால் பெண்ணினத்தையே குறை கூறுவர். எனவே குறை அவளிடம் மட்டுமில்லை, அவள் நுழைந்த இடத்திலும் உண்டு.

நம் புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களை நினைத்துப் பாருங்கள். மாணவர் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் அவர் சேர எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். பின்னர் சட்டமன்ற உறுப்பினராக அழைக்கப்பட்டபோது, மருத்துவப் பணி கெடுமோ என முதலில் தயங்கினார். தயங்கியவரே மேலவையின் துணைத் தலைவராகவும் உயர்ந்தார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தயக்கம் தகுதியின்மைக்கு அடையாளமன்று என்பது இதனால் விளங்கும்.

அவர் தனியே நடந்தார். 1991இல் நம் மாவட்டப் பெண்களோ கூடி நடந்தனர். இல்லை, சைக்கிளில் சென்றனர்! அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினர். கேலி பேசினோர் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவும் விழுந்து எழுவதைக் கண்டவளுக்கு, 'இது நமக்கு ஆகாது' என்னும் எண்ணம் அகன்றது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் மணியடித்துச் சென்றனர்.

இவற்றிலிருந்து நாம் கற்பவை மூன்று. செய்து முடித்தவற்றை ஒரு நோட்டில் எழுதி, மனம் சோரும்போது படிக்க வேண்டும். அச்சத்தை நம்பிக்கையானவரிடம் சொல்ல வேண்டும். 'எனக்கும் அப்படித்தான்' என்பார்! நாம் ஒரு வாயிலைத் தாண்டினால், அடுத்து வருபவளுக்குக் கை கொடுக்க வேண்டும்.

பெற்றோரே, பொதுத்தேர்வு முடிந்ததும் நாங்கள் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்போம். எவளேனும் இயந்திரவியல் படிக்க விரும்பினால், "உன்னால் முடியுமா?" என்று கேளாதீர். அக்கேள்வியை நாங்களே எங்களிடம் பலமுறை கேட்டுவிட்டோம். "முயன்று பார், நாங்கள் இருக்கிறோம்" என்று கூறுங்கள். அதுவே போதும்.