பால்வாடியில் ஒரு பகல்

(இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல், இயற்பியல்)

இக்கல்லூரியில் சேர்ந்த அன்று, விண்ணப்பத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் விழித்தேன். என் தாயார் அங்கன்வாடிப் பணியாளர். ஊரார் அவரைப் 'பால்வாடி டீச்சர்' என்பார்கள். நடுவண் அரசின் ஏடுகளிலோ அவர் 'கௌரவப் பணியாளர்'. கௌரவம் ஒரு தொழிலாகுமா என்ற குழப்பத்தில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஒருவரும் இல்லை.

கடந்த பருவத் தேர்வு விடுமுறையில் ஒரு நாள் முழுவதும் அம்மாவோடு மையத்திலே இருந்தேன். அன்று கண்டதை நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

அதற்கு முன் சிறிது வரலாறு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இரண்டு வயதுக் குழந்தைக்கும் பகல் உணவு கிடைத்தது. இன்று தமிழகத்தில் ஏறத்தாழ 54,000 மையங்கள் உள்ளன. எங்கள் ஊர் மையம் அவற்றுள் ஒன்று: ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, வாசலில் ஒரு புங்கமரம்.

காலையில் ஆயா முதலில் வந்து கூட்டிப் பெருக்கி உலை வைத்துவிடுவார். அம்மா போகும் வழியிலேயே நான்கு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். பிறகு பாட்டு, கதை, வண்ணக் கட்டைகள், நண்பகலில் சாப்பாடு. வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு. முட்டை நாளில் வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டியதில்லை, ஒருவரும் தவறுவதில்லை. உண்டதும் பாய் விரித்து உறக்கம். இவ்வளவுதான் வேலை என்றே இருபது வயது வரை நானும் நினைத்திருந்தேன்.

அன்று எடை போடும் நாள். மின்னணுத் தராசு பழுதாகிக் கிடந்ததால் பழைய சுருள்வில் தராசை விட்டத்தில் மாட்டினார் அம்மா. கடிகாரம் போன்ற வட்ட முகம்; கீழே குழந்தையை உட்கார வைக்கும் துணித் தொட்டில். வெறும் தொட்டிலுடனேயே முள் 200 கிராமில் நின்றது. திருகும் துருவேறி அசையவில்லை. "அம்மா, இதற்குச் சுழிப்பிழை என்று பெயர்" என்று ஆய்வகத்தில் கற்றதை அவிழ்த்துவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல், பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைத் தொட்டிலில் வைத்தார். முள் 1.2 காட்டியது. "எல்லாருக்கும் இருநூறு கழிச்சு எழுது" என்று நோட்டை என்னிடம் நீட்டினார். வெர்னியர் அளவியில் நாங்கள் ஒரு பருவம் முழுவதும் தட்டுத் தடுமாறிச் செய்த திருத்தம் அது.

பதினொன்றாவதாக வந்தது ஒரு பெண் குழந்தை. அன்றைக்குச் சரியாக இரண்டு வயது. முள் 8.2இல் நின்றது. கழித்தால் 8.0.

இங்கே வளர்ச்சி அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதையும் எடையையும் அச்சுகளாகக் கொண்ட வரைபடம் அது. பச்சைப் பட்டை இயல்பு. மஞ்சள் எடைக் குறைவு. ஆரஞ்சு கடுமையான எடைக் குறைவு. ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு அட்டைகள். உலக சுகாதார நிறுவன அளவின்படி இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடுநிலை எடை 11.5 கிலோ. 9.0க்குக் கீழே மஞ்சள். 8.1க்குக் கீழே ஆரஞ்சு. ஆக, தராசு சொன்னபடி எழுதினால் மஞ்சள். உப்புப் பொட்டலம் சொன்னபடி எழுதினால் ஆரஞ்சு.

ஆரஞ்சு என்றால் மேலிடத்துக் கேள்வி, மருத்துவருக்குப் பரிந்துரை, வாராவாரம் வீட்டுக்கு நடை. நான் சொன்னேன்: "இருநூறு கிராம்தானேம்மா, 8.2 என்றே போட்டுவிடட்டுமா?"

"அந்த இருநூறு அதுக்கு ஒரு மாச வளர்ச்சிடா" என்றார்.

இரண்டிலிருந்து ஐந்து வயது வரை குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ கூடும். பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வெட்கமாயிற்று. 8.0 என்று எழுதினேன். கை சுற்றளவு நாடா 12 சென்டிமீட்டர் காட்டியது. 11.5க்குக் கீழே போனால்தான் சிவப்பு. "இது ஒண்ணுதான் ஆறுதல்" என்றார் அம்மா.

மாலையில் அக்குழந்தையின் வீட்டுக்குப் போனோம். தாய் செங்கற்சூளையில் இருந்தாள். பாட்டி மட்டும் இருந்தார். கோதுமையும் கேழ்வரகும் கடலையும் வெல்லமும் கலந்த சத்துமாவு மையத்திலிருந்து மாதந்தோறும் போகிறது. அது எங்கே என்று கேட்டதும் பாட்டி மூத்த பிள்ளைகள் மூவரையும் பார்த்தார். அம்மா ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. வெந்நீர் வாங்கி மாவைப் பிசைந்து சிறு சிறு உருண்டையாக்கி, தாமே ஊட்டினார். குழந்தை மூன்று உருண்டை தின்றது. பசி இருக்கிறது, ஆகவே பெரிய நோய் இராது என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

இருட்டிய பின் தாய் வந்தாள். ஆஸ்பத்திரி என்றதும், "ஒரு நாள் கூலி போயிடும் டீச்சர்" என்றாள். இதற்குப் பதில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அரைமணி நேரம் பேசிய பிறகு, வியாழக்கிழமை முதல் பேருந்தில் பாட்டியையும் குழந்தையையும் தாமே அழைத்துப் போவதாக அம்மா ஒப்புக்கொண்டார். பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது நல்லதாயிற்று.

வீடு திரும்பிய பிறகும் வேலை தீரவில்லை. 2021 முதல் எல்லா விவரத்தையும் கைப்பேசியில் 'போஷன் டிராக்கர்' செயலியில் ஏற்ற வேண்டும். எங்கள் தெருவில் சிக்னல் கிடையாது. அம்மா மொட்டைமாடிக்கு ஏறி ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் பதிந்தேன். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 2022ஆம் ஆண்டில்தான் என்பதைப் பிறகு படித்து அறிந்தேன்.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த எடை நாளன்று இரவு அம்மாவே போன் செய்தார். அந்தக் குழந்தை 8.3 என்றார். உப்புப் பொட்டலம் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "வைக்காம எழுதுவேனாடா?" என்றார்.