ஒரே 16 ஜிபி, ஏன் ரெண்டு விதமா ஓடுது?

ரெண்டு பேரும் ரைசன் 5 5600ஜி வாங்கியிருக்காங்க. ரெண்டு பேருக்கும் 16 ஜிபி ரேம். தனி கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. ஆனா ஒருத்தருக்கு ஜிடிஏ 5 வழுக்கிட்டு ஓடுது, பக்கத்து ரூம்காரருக்குத் திக்கித் திக்கி ஓடுது. "உனக்கு டூப்ளிகேட் புராசஸர் கொடுத்துட்டாங்கடா"ன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி, கேபினெட்டைத் திறந்து ரேமைப் பாருங்க. ஒருத்தர் 8 ஜிபி ரெண்டு போட்டிருப்பார். இன்னொருத்தர் 16 ஜிபி ஒண்ணே ஒண்ணு போட்டிருப்பார்.

ரேம்: அளவு மட்டும் பத்தாது

டிடிஆர்4 3200 ரேம்னா நொடிக்கு 320 கோடி முறை டேட்டா போகுது, ஒவ்வொரு முறையும் 8 பைட். பெருக்கினா நொடிக்கு 25.6 ஜிபி. அது ஒரு சேனலுக்கு. ரெண்டு ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்ல போட்டா 51.2 ஜிபி.

5600ஜி-க்குள்ள இருக்கிற கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. புராசஸரோட சேர்ந்து இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கணும். ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி பழைய கார்டுலயே அதோட சொந்த மெமரிக்கு 128 ஜிபி வேகம் இருக்கு. அப்போ 25.6-ல பாதியைப் பிடுங்கிட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

இன்னொண்ணு: 3200-ன்னு அட்டையில போட்டிருந்தாலும் பல ரேம்கள் பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ற வரைக்கும் குறைஞ்ச வேகத்துலதான் ஓடும். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்தைத் திறந்தா வேகம், எத்தனை ஸ்லாட் ரெண்டுமே தெரியும்.

கார்டு: பாதையையும் பாருங்க

2022 ஜனவரியில வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில 4 ஜிபி மெமரி, பிசிஐஇ லேன் நாலே நாலு. பிசிஐஇ 4.0 போர்டுல அந்த நாலு லேன் நொடிக்குச் சுமார் 8 ஜிபி கடத்தும். 3.0-ல அதுல பாதிதான். கார்டோட 4 ஜிபி நிறைஞ்சதும் மிச்ச டெக்ஸ்சர் எல்லாம் இந்தச் சந்து வழியாத்தான் வரணும். கேம் நடுவுல நின்னு நின்னு போறது அப்பதான்.

இதுல ஒரு பொறி இருக்கு. "இப்போ 5600ஜி, அப்புறம் கார்டு"ன்னு பிளான் பண்றவங்க கவனிங்க. 5600ஜி-ல 3.0 மட்டும்தான், நீங்க பி550 போர்டு போட்டாலும் மாறாது. எல்3 கேச்சும் 16 எம்பி. 'ஜி' இல்லாத 5600-ல 4.0-வும் 32 எம்பி-யும் இருக்கு. ஆனா அதுல கார்டு இல்லாம டிஸ்ப்ளேவே வராது. கார்டு எப்போ வாங்குவோம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு புராசஸரைத் தேர்ந்தெடுங்க.

யார் தாமதம்?

பிரியாணிக் கடையை நினைச்சுக்கோங்க. புராசஸர் ஆர்டர் எடுக்கிறவர், கிராஃபிக்ஸ் கார்டு மாஸ்டர். யார் மெதுவோ அவர் வேகம்தான் கடை வேகம். கண்டுபிடிக்க காசு வேண்டாம்: கேம்ல ரெசல்யூஷனைக் குறைங்க. எஃப்.பி.எஸ் ஏறினா கார்டுதான் தடை. ஏறலன்னா பெரும்பாலும் புராசஸர் பக்கம். வேலரன்ட் ரெண்டாவது வகை. அதுக்காக விலை கூடின கார்டு வாங்குறது வீண்.

நம்ம ஊர் வெயில்

கொடைக்கானல் நம்ம மாவட்டம்தான், ஆனா ரூம் இருக்கிறது திண்டுக்கல் சமவெளியில. யூடியூப் ரிவ்யூ 22 டிகிரி ஏசி ரூம்ல எடுத்ததா இருக்கலாம். சித்திரையில மொட்டை மாடி ரூம் 38. அந்த 16 டிகிரி ஏறக்குறைய அப்படியே புராசஸர் மேல ஏறும். 5600ஜி-யோட எல்லை 95. அதைத் தொட்டா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். காலையில நல்லா ஓடி மதியம் திணறினா காரணம் இதுவா இருக்கலாம். முன்பக்கம் கண்ணாடி மூடின கேபினெட்டை விட, காத்து உள்ள வர்ற வலை கேபினெட் மேல். தூசியை மாசம் ஒருக்கா தட்டுங்க.

மதுரைக்கோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல நாலு கேள்வி எழுதிக்கோங்க: ரேம் எத்தனை ஸ்டிக்? கார்டுல எத்தனை ஜிபி, எத்தனை லேன்? புராசஸர், போர்டு ரெண்டும் எந்த பிசிஐஇ? காத்து எந்த வழியா உள்ள வருது? பதில் தெரியாம பில் போடாதீங்க. வீட்டுல ஒரு தடவைதான் காசு கேட்க முடியும்.