சுரப்பிகளின் ராஜ்ஜியம் – 14: இடைவெளி இல்லாத கட்டளை

விரைகளை நீக்கினால் புராஸ்டேட் புற்றுநோய் அடங்குகிறது என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டியதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். டெஸ்டோஸ்டிரோன்தான் அந்த நோய்க்குத் தீனி என்பது நினைவிருக்கும். இந்த வாரம் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் ஊசிகளை ஒப்பிட வேண்டிய முறை. அதற்கு முன்னால் சில குரங்குகளைப் பார்த்தாக வேண்டும். அவற்றைத் தாண்டிக்கொண்டு இந்த ஊசிகளுக்குள் போக வழியில்லை.

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸிலிருந்து, பத்தே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்ன ஹார்மோன் கிளம்புகிறது. பெயர் ஜி.என்.ஆர்.ஹெச். அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி விரைகளைத் தூண்ட, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. இந்தச் சின்ன ஹார்மோனைப் பிடிக்க ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கியமனும் போட்ட போட்டியைத் தனித்தொடராகவே எழுதலாம். ஹூஸ்டனில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் பிறகு பிரிந்தார்கள். ஷாலி பன்றி மூளைகளிலும், கியமன் ஆட்டு மூளைகளிலும் தேடினார்கள். இறைச்சிக்கூடங்களிலிருந்து லட்சக்கணக்கில் வாங்கி அரைத்துச் சலித்தால்தான் சோதனைக்குக் காணும் அளவு கிடைக்கும். 1971-ல் ஷாலியின் குழு அமைப்பை வெளியிட்டது. 1977-ல் நோபல் பரிசு இருவருக்கும் வந்தது, ரோசலின் யாலோவோடு சேர்த்து.

இப்போது குரங்குகள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எர்னஸ்ட் நோபில் என்ற ஆய்வாளர், சொந்தமாக இந்த ஹார்மோனைச் சுரக்க முடியாதபடி செய்யப்பட்ட ரீசஸ் குரங்குகளுக்கு அதை வெளியிலிருந்து செலுத்திப் பார்த்தார். மணிக்கு ஒருமுறை, 6 நிமிடம் மட்டும் செலுத்தினால் பிட்யூட்டரி உற்சாகமாக வேலை செய்தது. அதே ஹார்மோனை நிறுத்தாமல் செலுத்திக்கொண்டே இருந்தால் பிட்யூட்டரி அடங்கிப்போனது. 1978-ல் வெளியான இந்த முடிவைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பொருள் ஒன்றுதான், இடைவெளிதான் வேறு. இயல்பான உடம்பிலும் இந்த ஹார்மோன் விட்டு விட்டுத்தான் சுரக்கிறது. இது சுரக்காததால் பருவம் எய்தாத ஆண்களுக்கு, சின்ன பம்ப் ஒன்றை உடம்பில் மாட்டி விட்டு விட்டுச் செலுத்துகிறார்கள், அவர்கள் தகப்பனாகிறார்கள். அதன் வலுவான மாற்றுருவை இடைவிடாமல் கொடுத்தால் விரையை எடுத்ததற்குச் சமமான நிலை வருகிறது!

லூப்ரோலைட், கோசெரெலின், டிரிப்டோரெலின் என்று மருத்துவர் எழுதித் தரும் ஊசிகள் மூன்றும் இந்த இடைவிடாத வகை. டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. உடம்புக்குள் போகும் விதத்தில்தான் வித்தியாசம். லூப்ரோலைட் 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது தினமும் போட வேண்டிய ஊசி. பிறகுதான் மருந்தை, மெல்லக் கரையும் ஒரு பாலிமருக்குள் வைக்கும் வழி வந்தது. ஆபரேஷனில் தானாகக் கரையும் தையல் நூல் செய்கிற அதே குடும்பத்துப் பாலிமர் அது. கோசெரெலின் மட்டும் திரவமல்ல. அரிசிமணி அளவுள்ள ஒரு துண்டை, தடித்த ஊசியால் தொப்புளுக்குக் கீழே தோலடியில் வைத்துவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போனில் கேட்டார்: "ஏன் சார், ஆறு மாச ஊசின்னா ஆறு மடங்கு வீரியமா இருக்குமே, என் உடம்பு தாங்குமா?" கணக்கு வாத்தியாருக்குக் கணக்காலேயே பதில் சொன்னேன். லூப்ரோலைட் மாதத்துக்கு 7.5 மில்லிகிராம் என்றால் மூன்று மாத ஊசி 22.5, ஆறு மாத ஊசி 45. கோசெரெலின் 28 நாளுக்கு 3.6, பன்னிரண்டு வாரத்துக்கு 10.8. வகுத்துப் பாருங்கள், அளவு ஏறவே இல்லை. அலைச்சல்தான் குறைகிறது. ஆனால் தேதி தவறக் கூடாது. மருந்து தீர்ந்தால் பிட்யூட்டரி மறுபடி விழித்துக்கொள்ளும்.

நோபிலின் குரங்குகளைப் பற்றி இவ்வளவு பேசியதற்கு இன்னொரு காரணம் உண்டு. பிட்யூட்டரி அடங்குவதற்கு முன்னால், முதலில் தூண்டப்படுகிறது. அதனால் முதல் ஊசிக்குப் பின் ஒரு வாரம் போல டெஸ்டோஸ்டிரோன் ஏறிவிட்டு, மூன்று நான்கு வாரத்தில்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். முதுகெலும்பில் நோய் பரவியவருக்கு இந்த ஏற்றம் ஆபத்து. தண்டுவடம் நசுங்கிக் கால் செயலிழக்கலாம். பைகாலுடமைட் போன்ற மாத்திரையை ஊசிக்கு முன்பே தொடங்குவது இதற்காகத்தான். "ஊசிதான் போடுறாங்களே, மாத்திரை எதுக்கு?" என்று அதை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

இந்த ஏற்றமே இல்லாதது டெகாரெலிக்ஸ். 2008 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தூண்டாமல் நேராகத் தடுக்கிறது. பெரும்பாலானோருக்கு மூன்றே நாளில் டெஸ்டோஸ்டிரோன் விழுந்துவிடும். முதுகெலும்பு ஆபத்தில் இருப்பவருக்கு நான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வது இதைத்தான். குறைகளும் உண்டு: முதல் நாள் வயிற்றில் 120 மில்லிகிராம் வீதம் இரண்டு ஊசி, பிறகு 28 நாளுக்கு ஒருமுறை 80. ஆறு மாத வடிவம் இல்லை. போட்ட இடம் சிவந்து வலிப்பதும் இதில் அதிகம்.

ஹக்கின்ஸின் ஆபரேஷன் இன்னும் வழக்கொழியவில்லை. ஒரே நாளில் டெஸ்டோஸ்டிரோன் இறங்கிவிடும், ஊசிச் செலவு வாழ்நாளுக்கும் மிச்சம். நம் நாட்டில் பலர் அதைத் தேர்வதற்கு அந்தச் செலவுதான் காரணம். ஆனால் திரும்பிவர முடியாத வழி அது. உடம்பு திடீரெனச் சூடாகி வியர்ப்பது, எலும்பு தேய்வது, தசை இளைப்பது, சர்க்கரை ஏறுவது, ஆசை அற்றுப்போவது ஆகியவை எந்த வழியில் போனாலும் வரக்கூடியவை.

இதயத்தைப் பற்றியும் இன்றே எழுத நினைத்திருந்தேன், இடமில்லை. 2020-ல் வந்த ஹீரோ ஆய்வில், டெகாரெலிக்ஸ் போலவே நேராகத் தடுக்கும் ரெலுகோலிக்ஸ் மாத்திரை எடுத்தவர்களில் 2.9 சதவீதத்தினருக்கும், லூப்ரோலைட் ஊசி போட்டவர்களில் 6.2 சதவீதத்தினருக்கும் பெரிய இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் வந்தன. மறு ஆண்டு வந்த ப்ரொனவுன்ஸ் ஆய்வு, டெகாரெலிக்ஸுக்கும் லூப்ரோலைடுக்கும் இடையே அப்படி ஒரு வித்தியாசத்தைக் காட்டவில்லை; ஆனால் அது பாதியில் முடித்துக்கொள்ளப்பட்ட ஆய்வு. இந்த முரண்பாட்டை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் யாருக்காவது முதல் ஊசிக்குத் தேதி குறித்திருந்தால், முன்பு மாரடைப்பு வந்ததையோ ஸ்டென்ட் வைத்ததையோ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)