கழுவுதல் வேறு, உலர்த்துதல் வேறு
மழைக்காலத்தில் குளியலறையைப் பேணும் முறை

தூய்மை என்றவுடன் நம் மக்களின் நினைவுக்கு முதலில் வருவது தண்ணீரே. வாசலில் நீர் தெளிக்கின்றோம்; பாத்திரத்தைக் கழுவுகின்றோம்; துணியைத் துவைக்கின்றோம். ‘தண்ணீர் பட்டது தூய்மையாயிற்று’ என்பது நமக்குப் பழகிப்போன எண்ணம். பெரும்பாலும் இவ்வெண்ணம் சரியானதே. ஆயினும், ஓரிடத்தில் மட்டும் அது நம்மை ஏமாற்றிவிடுகின்றது. அவ்விடம் குளியலறை, காலம் மழைக்காலம்.

நம் நாட்டில் நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகின்றது. கிழக்குக் கரை மாநிலங்களும் ஜொகூரும் அக்காலத்தில் பெருமழை பெறுகின்றன. மேற்குக் கரையிலோ பருவக்காற்று மாறுகின்ற ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிப் பிற்பகல்தோறும் இடியுடன் மழை கொட்டும். எந்தக் கரையில் வாழ்ந்தாலும், சில வாரங்கள் துணி காயாமல் நாறும், உப்புக் கசியும், குளியலறைச் சுவரில் கரும்புள்ளிகள் தோன்றும். துணியையும் உப்பையும் எப்படியோ சமாளித்துவிடுகின்றோம். கரும்புள்ளிகளைத்தான் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துத் தோற்கின்றோம். அதன் காரணத்தை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நான் செய்த தவறு

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகின்றேன். ஜொகூரில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபொழுது, மாணவர் குளியலறையின் சன்னல் வழியாகச் சாரல் அடித்துத் தரை நனைவதைக் கண்டேன். 2010-ஆம் ஆண்டு விடுமுறை தொடங்குமுன் அச்சன்னலைப் பலகை வைத்து அடைக்கச் சொன்னேன். 2011 ஜனவரியில் பள்ளி திறந்தபொழுது சுவரின் கீழ்ப்பாதியும் கூரைப் பலகையின் ஒரு மூலையும் கருத்துக் கிடந்தன. துப்புரவுப் பணி செய்த அம்மையாரைக் கடிந்துகொண்டேன். அவரும் மறுமொழி கூறாமல் நாள்தோறும் இரு வேளை தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கழுவக் கழுவக் கருமை பரவிற்றே ஒழியக் குறையவில்லை.

மூன்றாம் வாரம் மீண்டும் நான் முகம் சுளித்தபொழுது அவர் மெல்லச் சொன்னார்: “சார், கழுவுறதுக்கு நான் இருக்கேன். காய வைக்கிறதுக்குச் சன்னல் வேணுமே.”

அறிவியல் பாடம் நடத்துகின்ற எனக்கு அந்த ஒரு சொற்றொடர் பாடமாயிற்று. சன்னலை அடைக்கச் சொன்னவன் நான். பழி சுமந்தவர் அவர்.

பூஞ்சணம் என்பது யாது?

சுவரில் தோன்றும் கரும்புள்ளி வெறும் அழுக்கன்று. அது பூஞ்சணம் என்னும் உயிர். ‘சோறு பூத்துப்போயிற்று’, ‘ரொட்டி பூத்துவிட்டது’ என்று நம் பாட்டிமார் கூறுவதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. அது பூப்பதுதான், வளர்வதுதான். பூஞ்சணத்தின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத நுண்பொடியாகக் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவை இல்லாத வீடு இல்லை, பள்ளி இல்லை. ஆகவே, வித்தே வராமல் தடுப்பது நம்மால் ஆகாது.

பூஞ்சணம் அனைத்தும் தீயது என்று எண்ணிவிடவும் வேண்டா. 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் இலண்டனில் பெனிசிலின் மருந்தைக் கண்டறிய வழிகாட்டியது ஒரு பூஞ்சணமே. நம் கடைத்தெருவில் விற்கும் தெம்பேயும் அவ்வாறானதே. வேகவைத்த சோயாவில் பூஞ்சண வித்தைக் கலந்து மடித்து வைத்தால், ஓரிரு நாளில் வெண்ணிற இழைகள் படர்ந்து அவரையைக் கட்டியாக இறுக்கிவிடும். தேவையான ஈரமும் வெப்பமும் கிடைத்தால் பூஞ்சணம் எவ்வளவு விரைவாக வளரும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

சுவரிலும் இதுவே நிகழ்கின்றது. பூஞ்சணத்திற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: உணவு, இதமான வெப்பம், ஈரம். சோப்பு நுரையின் படிவும், உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளும், எண்ணெய்க் குளியலின் பிசுக்கும், சீயக்காய்த் தூளும் அதற்கு உணவாகும். வெப்பத்திற்கு நம் நாட்டில் என்றும் குறைவில்லை. எஞ்சியிருப்பது ஈரம் ஒன்றே. அதைத்தான் நாம் கட்டுப்படுத்த இயலும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் வேர்கொள்வதில்லை. நாளுக்கு நான்கு முறை நனைந்து ஒருமுறையும் உலராத சுவரில் அது குடியேறாமல் வேறு என்ன செய்யும்?

சுவரில் காணும் நிறம் எல்லாம் பூஞ்சணம் அன்று என்பதையும் அறிய வேண்டும். வெளிச்சம் படும் இடத்தில் பச்சையாக வழுக்குவது பாசி. வாளியின் விளிம்பிலும் தரை இடுக்கிலும் இளஞ்சிவப்பாகப் படிவது பெரும்பாலும் ஒருவகைப் பாக்டீரியா. வெண்மையாகப் பூத்து நிற்பது சுவருக்குள்ளிருந்து வெளிவந்த உப்பாகவும் இருக்கலாம். அதன்மேல் ஒரு துளி நீர் வைத்தால் கரைந்து மறையும். அஃது உப்பாயின், சுவருக்குள் எங்கோ நீர் ஊறுகின்றது என்பது பொருள். அங்கே குழாயையும் கூரையையும் ஆராய வேண்டுமேயன்றிச் சுவரைத் தேய்த்துப் பயனில்லை.

காற்றும் தண்ணீரும்

“வெளியிலும் மழை, காற்றும் ஈரம். சன்னலைத் திறந்து என்ன பயன்?” என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காற்று, தன் வெப்பத்திற்கு ஏற்ற அளவே நீராவியைத் தாங்கும். 30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 25 பாகையில் 23 கிராமே தாங்கும். வெந்நீரில் குளித்து முடித்த அறையில் 30 பாகைக் காற்று முழு ஈரத்துடன் நிற்கின்றது என்று கொள்வோம். வெளியே மழையில் குளிர்ந்த 25 பாகைக் காற்றும் முழு ஈரத்துடனேயே இருக்கின்றது. இரண்டும் ஈரக் காற்றுதான். எனினும், உள்ளே 30 கிராம். வெளியே 23 கிராம். உட்காற்று வெளியேறி வெளிக்காற்று புகுந்தால் கன மீட்டருக்கு 7 கிராம் நீர் அறையை விட்டு நீங்குகின்றது. வந்த காற்று அறையில் 30 பாகைக்குச் சூடேறும்பொழுது, தாங்கக்கூடியதில் முக்கால் பங்களவே அதில் நீராவி இருக்கும். எஞ்சிய காற்பங்கிற்குச் சுவர் ஈரத்தை அது ஏற்றுக்கொள்ளும். ஆகவே, சாரல் உள்ளே அடிக்காத வரையில், மழை நாளிலும் சன்னல் திறந்திருத்தல் நன்று.

இதே கணக்கு வேறொரு புதிரையும் விடுவிக்கும். அடுக்குமாடி வீடுகளில் படுக்கையறையில் குளிர்சாதனம் ஓடினால், அதனை ஒட்டிய குளியலறைச் சுவர் வியர்ப்பதைக் காணலாம். 30 பாகையில் நூற்றுக்கு 85 பங்கு ஈரமுள்ள காற்றில் ஏறத்தாழ 26 கிராம் நீராவி இருக்கும். அது 25 பாகைக்குக் குளிர்ந்த சுவரைத் தொட்டால் 23 கிராமுக்கு மேற்பட்டதைத் தாங்க இயலாமல் நீராக விட்டுவிடும். யாரும் குளிக்காத அறையிலும் சுவர் நனைவது இதனாலேயே. குளிர்சாதனத்தின் குளிரைச் சற்றுக் குறைத்தால் வியர்வையும் குறையும்.

உலர்த்தும் முறை

இனி, நாள்தோறும் செய்யத்தக்கவற்றைக் காண்போம்.

முதலாவது, நீரைக் கையால் நீக்குதல். மழைக்காலத்துக் காற்று மெதுவாகவே ஈரத்தை வாங்கும். எல்லா வேலையையும் அதன் தலையில் சுமத்தலாகாது. ரப்பர் விளிம்புள்ள துடைப்பான் ஒன்றைக் குளியலறையிலேயே மாட்டி வைத்து, கடைசியாகக் குளிப்பவர் சுவரின் நீரை மேலிருந்து கீழாகவும், தரையின் நீரை வடிகாலை நோக்கியும் தள்ளிவிட வேண்டும். இரண்டு நிமிட வேலைதான்.

இரண்டாவது, காற்றை ஓடவிடுதல். காற்று வெளியேறும் வழி இருந்தால் மட்டும் போதாது. உள்ளே வரும் வழியும் வேண்டும். காற்றை வெளியேற்றும் விசிறி இருந்தால் குளித்தபின் 20 நிமிடமேனும் அது ஓடட்டும். கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். விசிறி இல்லாதவர்கள் சன்னலையும் கதவையும் ஒருசேரத் திறந்து வைக்கலாம். சாரல் அடிக்குமானால் சன்னலுக்கு மேலே தகரச் சாய்ப்பு வைக்க வேண்டும். சன்னலை அடைத்தல் தீர்வாகாது.

மூன்றாவது, தேங்கும் இடங்களை ஒழித்தல். வாளியையும் முகவையையும் கவிழ்த்து வையுங்கள். ஈரத் துண்டையும் கால்மிதியையும் வெளியே உலர்த்துங்கள். சவர்க்காரத்தைத் துளையுள்ள தட்டில் வையுங்கள். தரை வடிகாலை நோக்கிச் சரிந்துள்ளதா என்று ஒரு குவளை நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் பள்ளத்தில் நின்றால் அவ்விடத்தைச் சிமெந்தால் சரிசெய்யுங்கள். சொட்டும் குழாயை உடனே மாற்றுங்கள்.

முன்பே படிந்ததை நீக்குதல்

ஏற்கெனவே படிந்த பூஞ்சணத்தை உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது; வித்துகள் காற்றில் பறந்து மூச்சுடன் உட்செல்லும். முதலில் ஈரத் துணியால் நனைத்து, சவர்க்கார நீரும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது அவசியம்.

குளோரின் கலந்த வெளுப்பு நீரைப் பலர் நம்புகின்றனர். ஓடு பதித்த சுவரில் அது பயன்படும். 4 லிட்டர் தண்ணீருக்கு 250 மில்லிலிட்டருக்கு மேற்படாமல் கலத்தல் போதும். மரத்திலும் கூரைப் பலகையிலும் மேல்நிறம் வெளுக்குமேயன்றி உள்ளே ஊடுருவிய இழைகள் எஞ்சிவிடும். வெளுப்பு நீருடன் புளிக்காடியையோ, அமிலமுள்ள கழிப்பறை மருந்தையோ, அம்மோனியா உள்ள எதையுமோ கலக்கவே கூடாது. உயிருக்கு ஊறு செய்யும் நச்சுக்காற்று எழும். பிள்ளைகள் கையில் இப்பணியை ஒப்படைத்தலும் ஆகாது. பூஞ்சணத்தின்மீது சாயம் பூசி மறைப்பது வீண்செலவு. சாயம் உரியும், பூஞ்சணம் திரும்பும். ஏறத்தாழ ஒரு சதுர மீட்டருக்கு மேல் படர்ந்திருந்தால் தொழில் தெரிந்தவரை அழைத்தல் நலம்.

இவ்வளவு கவலை எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வாழ்வோர்க்கு மூச்சுக்குழல் நோய்களும் ஆஸ்துமாவின் கடுமையும் மிகுதல் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி எடுத்துரைத்துள்ளது. நம் வகுப்பறைகளில் இழுப்பு நோயுள்ள பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்கள் மூச்சு நம் பொறுப்பன்றோ?

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனைப் பாடமாகவும் ஆக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று துணிகளைச் சம அளவு நீரில் நனைத்து, ஒன்றை மடித்து வாளியிலும், ஒன்றை விரித்து மூடிய பேழையிலும், ஒன்றை விரித்து விசிறியின் எதிரிலும் வையுங்கள். மணிக்கொரு முறை நிறுத்து, எடையை மாணவர்களே அட்டவணையில் குறிக்கட்டும். எது முதலில் உலரும், ஏன் என்பதை அவர்களே கண்டு கூறுவார்கள். நாம் மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை.

என் பள்ளியில் என்ன நிகழ்ந்தது என்பதையும் சொல்லி முடிக்கின்றேன். பலகையை எடுத்துச் சன்னலைத் திறந்தோம். மேலே தகரச் சாய்ப்பு வைத்தோம். தரைப் பள்ளத்தைப் பூசினோம். கருத்த கூரைப் பலகையை மாற்றினோம். அம்மையார் கழுவும் தண்ணீரில் பாதியைக் குறைத்து, அந்நேரத்தில் நீரைத் தள்ளித் துடைத்தார். மார்ச்சு மாதத்திற்குள் சுவர் வெளுத்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு மூலையில் சில புள்ளிகள் மீண்டும் தலைகாட்டின. அன்றே துடைத்தோம், பரவவில்லை. மழை உள்ள நாட்டில் பூஞ்சணத்தை ஒரேயடியாக ஒழித்தல் இல்லை. நாள்தோறும் இடங்கொடாமல் இருத்தலே உண்டு.

ஆசிரியர் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவ்வம்மையாரிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். “அதெல்லாம் எதுக்குங்க சார்” என்று அவர் சிரித்தார். அன்று முதல் எம் பள்ளித் துப்புரவுப் பட்டியலில் ‘கழுவுதல்’ என்ற சொல்லுக்கு அடுத்து ‘உலர்த்துதல்’ என்ற சொல்லும் இடம் பெற்றது. உங்கள் பட்டியலில் அச்சொல் இருக்கின்றதா என்று நாளைக் காலை பாருங்கள்.