பணம் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்

வேளச்சேரி, தரமணிப் பக்கம் டயாலிசிசுக்குப் போய்வருகிறவர்களின் கோப்பைப் புரட்டினால் ஒரே குறைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கையில் செயற்கை ரத்தக்குழாய் இருக்கும். அது யார் தயாரித்தது, என்ன எண் என்பது ஒரு தாளிலும் இருக்காது. பில்லில் 'கிராஃப்ட்' என்று ஒற்றைச் சொல், எதிரே ஒரு தொகை. கேட்டால், "டாக்டருக்குத் தெரியும்" என்கிறார்கள். "உங்கள் செல்லிலிருந்தே ரத்தக்குழாய் வளர்த்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் முன்பணம் கட்டவும் இதே குடும்பங்கள் தயார்.

இரண்டும் வேறு வேறு. பாலியஸ்டரிலும் பி.டி.எஃப்.இ.யிலும் ஆலையில் செய்த குழாய்கள் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை. ஆனால் 6 மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாய்களில் ரத்தம் எளிதில் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் மனித செல்களைக் கொண்டு ஆய்வகத்தில் குழாய் வளர்க்கும் முயற்சி நடக்கிறது. அப்படி வளர்த்த ஒன்றுக்கு அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்தது; அதுவும் விபத்தில் கை, கால் தமனி சிதைந்த பெரியவர்களுக்கு. டயாலிசிசுக்கு அல்ல.

ஆலைக் குழாய் என்றால்: பெட்டியோடு வரும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டச் சொல்லுங்கள். நிறுவனம், மாடல், தொகுப்பு எண், காலாவதித் தேதி நான்கும் வேண்டும். விட்டுப்போயிருந்தால் மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேட்டு, நகலில் முத்திரை வாங்குங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். "ரெக்கார்டு ரூமில் ஆள் இல்லை" என்பது பதிலாகாது. இழுத்தடித்தால் அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுதுங்கள். குழாயால் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதியலாம். தொகுப்பு எண் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆய்வகத்தில் வளர்த்த குழாய் என்றால்: இங்கே அது கிளினிக்கல் ட்ரயலாக மட்டுமே நடக்கலாம். இந்திய கிளினிக்கல் ட்ரயல் பதிவேட்டில் 'சி.டி.ஆர்.ஐ.' என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தப் பதிவேட்டை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும். ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். ட்ரயலால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019 புதிய மருந்துகள், கிளினிக்கல் ட்ரயல் விதிகள் தந்த உரிமை. ஸ்டெம் செல் ஆய்வில் நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஐ.சி.எம்.ஆர். 2017-லேயே வழிகாட்டியிருக்கிறது.

மீண்டும் சொல்கிறேன்: பணம் கேட்டால் அது ட்ரயல் அல்ல, வியாபாரம். கையெழுத்துப் போடாதீர்கள்.

கட்டிவிட்டீர்களா? ரசீதும் படிவமுமாக நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை, சாஸ்திரி பவன் இணைப்புக் கட்டடத்தில் உள்ள மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தென்மண்டல அலுவலகத்தில் புகார் கொடுங்கள். வாய்மொழிப் புகார் வாசலைத் தாண்டாது. எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டியிருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு எந்த ஆணையத்திலும் வாதாடுவது கடினம்.